தீயின் கணக்கு: திருகோணமலைத் துறைமுக வரலாற்றில் எரிபொருளும் ஒட்சிசனும்

திருகோணமலையின் வரலாற்றை எழுதியோர் கோயிலையும் கோட்டையையும் கப்பலையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், பிரித்தானியர் ஆகியோர் இத்துறைமுகத்திற்காகப் பொருத போர்களும் நன்கு ஆராயப்பட்டுள்ளன. ஆயினும் அப்போர்களை நடத்திய தீயைப் பற்றி நாம் அதிகம் சிந்தித்ததில்லை. பீரங்கியை முழங்கச் செய்தது தீ. கப்பலைச் செலுத்தியது தீ. 1942 ஆம் ஆண்டிலே சீனக்குடாவில் ஓர் எண்ணெய்த் தாங்கியைத் தின்றதும் தீயே. அத்தீ ஒவ்வொரு காலத்திலும் எதை உண்டது, எவ்வளவு உண்டது, அதன் விலையை யார் செலுத்தினர் என்பனவற்றை இரசாயனவியலின் எளிய கணக்கொன்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கலைப்பீட மாணவர் எண்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பெருக்கலும் வகுத்தலும் அறிந்த எவரும் தொடரத்தக்க கணக்கே இது.

கணக்கின் பிறப்பு

ஒரு பொருள் எரியும்போது அது அழிந்துபோகிறது என்பதே பன்னெடுங்காலமாக மனிதர் கொண்டிருந்த எண்ணம். விறகு சாம்பலாகிறது, எண்ணெய் வற்றிவிடுகிறது, கண்ணுக்குத் தெரிவது இழப்பு மட்டுமே. பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பிய அறிஞர் பலரும், எரியும் பொருளிலிருந்து புளோசித்தன் என்னும் ஒன்று வெளியேறுவதாகவே கருதினர். இக்கருத்தைக் கவிழ்த்தவர் பிரான்சு நாட்டின் அந்துவான் இலவோசியர். கந்தகமும் பொசுபரசும் எரியும்போது நிறை குறைவதில்லை, கூடுகிறது என்பதை அவர் 1772 ஆம் ஆண்டிலே கண்டார். 1774 இல் இங்கிலாந்தின் யோசப் பிரீஸ்ற்லி புதிய வாயுவொன்றைப் பிரித்தெடுத்தார். சுவீடனின் சீலேயும் அதனைத் தனியே கண்டிருந்தார். அதற்கு ஒட்சிசன் எனப் பெயரிட்டு, எரிதல் என்பது ஒரு பொருள் ஒட்சிசனோடு சேர்தலே என நிறுவியவர் இலவோசியர். தாக்கத்திற்கு முன்னிருந்த மொத்தத் திணிவும் பின்னுள்ள மொத்தத் திணிவும் சமமாகும் என்னும் விதியை அவருடைய 1789 ஆம் ஆண்டு நூல் தெளிவாக எடுத்துரைத்தது.

இலவோசியர் வரிக் குத்தகை நிறுவனமொன்றின் பங்காளராகவும் இருந்தவர். வரவும் செலவும் சமப்படாத கணக்கை ஏற்றுக்கொள்ளாத மனம் அவருடையது. தராசின் ஒரு தட்டிலே விறகை வைத்த உலகிற்கு, மறு தட்டிலே காற்றையும் வைக்குமாறு அவர் கற்பித்தார் எனலாம். அவ்வரித் தொழிலே அவருக்கு எமனாகவும் அமைந்தது. 1794 ஆம் ஆண்டு மே மாதம் 8 ஆம் திகதி புரட்சி அரசு அவரைக் கொலைக்களத்திற்கு அனுப்பியது. அதற்கு மறு ஆண்டு, 1795 ஆகஸ்டில், பிரித்தானியர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர்.

விலை பேசப்பட்ட ஒட்சிசன்

இலவோசியருக்கும் திருகோணமலைக்கும் இடையே நேரடித் தொடர்பு இல்லையெனினும், இரண்டையும் ஒரு பொருள் இணைத்தது. அது வெடிமருந்து. 1775 முதல் பிரெஞ்சு அரசின் வெடிமருந்து நிர்வாகத்தில் பொறுப்பு வகித்தவர் இலவோசியர். 1782 ஆம் ஆண்டு ஜனவரியில் பிரித்தானியர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பறித்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரேன் அதனைப் பிரித்தானியரிடமிருந்து கைப்பற்றினார். செப்டெம்பர் 3 ஆம் திகதி துறைமுகத்திற்கு வெளியே சுப்ரேனின் கப்பல்களும் ஹியூஸின் கப்பல்களும் மோதிக்கொண்டன.

அப்பீரங்கிகளின் குழாய்களுக்குள் நிகழ்ந்தது யாது? விறகு எரிவதற்குக் காற்று வேண்டும். ஆனால் அடைக்கப்பட்ட குழாயினுள் காற்றுக்கு இடமில்லை. ஆகவே வெடிமருந்து தனக்கு வேண்டிய ஒட்சிசனைத் தானே சுமந்து செல்கிறது. அதைச் சுமக்கும் பொருளே வெடியுப்பு. பொற்றாசியம், நைதரசன், ஒட்சிசன் ஆகிய மூன்றும் சேர்ந்த இவ்வுப்பின் 101 பங்கு திணிவில் 48 பங்கு ஒட்சிசனாகும். எளிமைப்படுத்திய கணக்கொன்றின்படி 202 பங்கு வெடியுப்பும் 32 பங்கு கந்தகமும் 36 பங்கு கரியும் சேர்ந்து 270 பங்கு வெடிமருந்தாகின்றன. எரிந்தபின் 110 பங்கு பொற்றாசியம் சல்பைட்டும் 28 பங்கு நைதரசனும் 132 பங்கு காபனீரொட்சைட்டும் எஞ்சுகின்றன. இவற்றைக் கூட்டினாலும் 270 ஆகும். கரியின் 36 பங்கும் வெடியுப்பு தந்த ஒட்சிசனின் 96 பங்கும் சேர்ந்தே அந்த 132 பங்கு காபனீரொட்சைட்டு உருவானது.

இங்கே வரலாற்று மாணவர் கவனிக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. வெடியுப்பு என்பது திண்மமாகக் கட்டப்பட்ட ஒட்சிசனே. அதற்கு விலை இருந்தது. அதற்காகப் போட்டி இருந்தது. பீகாரிலும் வங்காளத்திலும் விளைந்த வெடியுப்பு கிழக்கிந்தியக் கம்பனியின் முதன்மையான ஏற்றுமதிச் சரக்குகளுள் ஒன்று. அந்நிலப்பகுதி பிரித்தானியர் கைக்குப் போனமையால் பிரான்சு வெடியுப்புக்குத் திண்டாடியது. அத்தட்டுப்பாட்டைத் தீர்ப்பதே இலவோசியர் ஏற்ற நிர்வாகத்தின் முதற் பணியாகவும் இருந்தது. ஒட்சிசன் காற்றிலிருந்து வரும்போது அதற்கு உரிமையாளர் இல்லை. அது உப்பாகக் கட்டப்பட்டதும் உரிமையாளரும் கணக்கரும் காவலரும் தோன்றிவிடுகின்றனர்.

விறகிலிருந்து எண்ணெய்க்கு

வெடிமருந்து தவிர்ந்த ஏனைய எரிபொருள்கள் காற்றையே நம்பியுள்ளன. அவை எவ்வளவு ஒட்சிசனை வேண்டுகின்றன என்பதை அறிய மூன்று எண்கள் போதும். காபன் அணுவின் திணிவு 12. ஐதரசனின் திணிவு 1. ஒட்சிசனின் திணிவு 16. ஒரு காபன் அணு இரண்டு ஒட்சிசன் அணுக்களோடு சேர்ந்து காபனீரொட்சைட்டாகிறது. எனவே 12 தொன் காபனுக்கு 32 தொன் ஒட்சிசன் வேண்டும்; ஒரு தொன் காபனுக்கு ஏறத்தாழ 2.67 தொன். இரண்டு ஐதரசன் அணுக்கள் ஓர் ஒட்சிசன் அணுவோடு சேர்ந்து நீராகின்றன. எனவே 2 தொன் ஐதரசனுக்கு 16 தொன். ஒரு தொன்னுக்கு 8 தொன். கந்தகத்தின் அணுத்திணிவு 32 ஆதலால் ஒரு தொன் கந்தகத்திற்கு ஒரு தொன் ஒட்சிசன் போதுமானது. இம்மூன்று விகிதங்களையும் கொண்டே எந்த எரிபொருளின் பசியையும் அளந்துவிடலாம்.

விறகின் பெரும்பகுதி செலுலோசு. அதன் 162 பங்கு எரிவதற்கு 192 பங்கு ஒட்சிசன் வேண்டும். அதாவது ஒரு தொன்னுக்கு ஏறத்தாழ 1.19 தொன். செலுலோசு தன்னுள்ளே ஏற்கெனவே ஒட்சிசனைக் கொண்டிருப்பதே இதற்குக் காரணம். நல்ல நிலக்கரிக்கு இரண்டரைத் தொன் அளவில் தேவைப்படுகிறது. கப்பலின் கொதிகலன்களில் எரிக்கப்படும் கனமான எண்ணெயில் நூற்றுக்கு 86 பங்கு காபன், 11 பங்கு ஐதரசன், 3 பங்கு கந்தகம் எனக் கொண்டால், ஒரு தொன்னுக்கு 3.2 தொன் ஒட்சிசன் வேண்டும். விறகு, நிலக்கரி, எண்ணெய் என்ற வரிசையிலே எரிபொருள் ஒவ்வொன்றும் முந்தியதைவிட அதிகமாகக் காற்றிடம் கடன் வாங்குகிறது.

இதனைப் பிறிதொரு வகையிலும் நோக்கலாம். கரிம எரிபொருள்கள் பலவும், ஒரு கிலோகிராம் ஒட்சிசனைச் செலவிடும்போது ஏறத்தாழ ஒரே அளவு வெப்பத்தையே தருகின்றன என்பதை 1917 இல் தோண்டன் என்ற அறிஞர் எடுத்துக்காட்டினார். அவ்வளவு 13.1 மெகா யூல் என்பதைப் பிற்காலத்தில், 1980 இல், ஹகெற் உறுதிப்படுத்தினார். எனின் எண்ணெயின் சிறப்பு யாது? ஒரே வெப்பத்தைப் பெறுவதற்கு எண்ணெயாயினும் நிலக்கரியாயினும் ஏறத்தாழ ஒரே அளவு ஒட்சிசன்தான் செலவாகிறது. ஆனால் எண்ணெய்க் கப்பல் தன் வயிற்றிலே சுமக்கும் பாரம் குறைவு. ஒரு தொன் எண்ணெய் தரும் வெப்பத்தைப் பெற ஒன்றேகால் முதல் ஒன்றரைத் தொன் வரை நிலக்கரி வேண்டும். சுமக்காத பாரத்தைக் காற்று சுமந்து தருகிறது.

இந்த இலாபமே பிரித்தானியக் கடற்படையை எண்ணெயை நோக்கித் திருப்பிய காரணங்களுள் தலையாயது. 1911 இல் கடற்படை அமைச்சரான வின்ஸ்ரன் சேர்ச்சிலின் காலத்தில், முற்றிலும் எண்ணெயால் இயங்கும் 'குயின் எலிசபெத்' வகைப் போர்க்கப்பல்கள் கட்டத் தொடங்கப்பெற்றன. ஆயினும் வேல்சு நாட்டிலே நிலக்கரி வைத்திருந்த பிரித்தானியாவிடம் சொந்த எண்ணெய் இல்லை. 1914 இல் ஆங்கிலோ பாரசீக எண்ணெய்க் கம்பனியின் பெரும்பான்மைப் பங்கை அரசே வாங்கியது. தொலைவிலிருந்து வரும் எண்ணெயைப் போர்க்காலத்திற்கெனச் சேமித்துவைக்க வேண்டிய தேவை இதனால் எழுந்தது. சிங்கப்பூர்த் தளத்திற்குச் செல்லும் கடல்வழியிலே, புயலுக்கும் பகைவருக்கும் மறைவான ஆழமான துறைமுகத்தைக் கொண்ட திருகோணமலை அதற்கு வாய்ப்பான இடமாயிற்று. 1920 களிலும் 1930 களிலும் சீனக்குடாவை அடுத்த காட்டினுள்ளே பாரிய உருக்குத் தாங்கிகள் எழுந்தன. ஒவ்வொன்றும் பத்தாயிரம் தொன் அளவில் எண்ணெய் கொள்ளத்தக்கது.

1942 ஏப்பிரல் 9

1942 ஏப்பிரல் 5 ஆம் திகதி கொழும்பைத் தாக்கிய யப்பானிய விமானந்தாங்கிக் கப்பற்படை, நகுமோவின் தலைமையில், ஏப்பிரல் 9 ஆம் திகதி காலை திருகோணமலையைத் தாக்கியது. துறைமுகமும் சீனக்குடா விமானத்தளமும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. எச்சரிக்கை கிடைத்து முன்னிரவிலேயே துறைமுகத்தை விட்டு நீங்கிய விமானந்தாங்கிக் கப்பலான 'ஹேர்மிஸ்' அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அத்தாக்குதலின்போது யப்பானிய விமானமொன்று எண்ணெய்த் தாங்கியொன்றின்மீது வீழ்ந்ததாகவும், அத்தாங்கி ஏழு நாட்கள் எரிந்ததாகவும் கூறப்படுகிறது. உருகி வளைந்த அதன் உருக்கு எச்சங்கள் அவ்விடத்தில் எஞ்சியுள்ளன.

ஏழு நாட்கள் என்ற இவ்வழக்கை இரசாயனக் கணக்கினால் ஆராய்ந்து பார்க்கலாம். தாங்கி பத்தாயிரம் தொன் எண்ணெயால் நிரம்பியிருந்தது என்றும் அது முற்றாக எரிந்தது என்றும் கணக்கிற்காகக் கொள்வோம். அதில் 8,600 தொன் காபன், 1,100 தொன் ஐதரசன், 300 தொன் கந்தகம் இருந்திருக்கும். காபனுக்கு 22,933 தொன்னும் ஐதரசனுக்கு 8,800 தொன்னும் கந்தகத்திற்கு 300 தொன்னுமாக மொத்தம் 32,033 தொன் ஒட்சிசன் தேவை. வளியின் திணிவில் நூற்றுக்கு 23.2 பங்கே ஒட்சிசன். ஆகவே ஏறத்தாழ 1,38,000 தொன் வளி அத்தாங்கியை நோக்கி ஈர்க்கப்பட வேண்டும். வெளியேறுவன 31,533 தொன் காபனீரொட்சைட்டு, 9,900 தொன் நீராவி, 600 தொன் கந்தகவீரொட்சைட்டு. இவற்றின் கூட்டுத்தொகை 42,033 தொன். எரிந்த எண்ணெயும் சேர்ந்த ஒட்சிசனும் அதே தொகையே. இலவோசியரின் ஏடு சமப்பட்டுவிட்டது.

ஏழு நாட்களில் 6,04,800 செக்கன்கள் உள்ளன. ஆகவே செக்கனுக்கு 16.5 கிலோகிராம் எண்ணெய் எரிய வேண்டும். அதற்கு 53 கிலோகிராம் ஒட்சிசனும் 228 கிலோகிராம் வளியும் வேண்டும். வெப்பமான எமது காலநிலையில் இவ்வளவு வளி ஏறத்தாழ இருநூறு கன மீற்றர் இடத்தை நிரப்பும். ஒவ்வொரு செக்கனும் ஒரு சிறிய வீட்டின் கொள்ளளவான காற்று அத்தீயினுள்ளே புகுந்திருக்க வேண்டும். இவ்வளவு எண்ணெய் ஏன் ஏழு நிமிடத்தில் எரிந்து தீரவில்லை என்ற வினாவுக்கும் இங்கே விடை கிடைக்கிறது. தாங்கியிலுள்ள எண்ணெய் தன் மேற்பரப்பிலே மட்டுமே எரிகிறது; ஆழத்திலுள்ளது தன் முறைக்காகக் காத்திருக்கிறது. காற்று வந்து சேரும் அளவுக்கே தீயும் நகரமுடியும். எனவே பல நாட்கள் எரிந்தது என்ற வழக்கு இயற்கை விதிக்கு முரணானதன்று. அது ஏழா, ஐந்தா என்பதைக் கணக்கு மட்டும் தீர்மானிக்கமாட்டாது. ஆயினும் வாய்மொழி வழக்கை மிகைக்கூற்றென ஒதுக்கிவிடாமல் இருப்பதற்கு அது போதிய சான்றாகும்.

இக்கணக்கை மிகவும் நேர்மையாகச் செய்வதாயின் மேலும் ஒன்றைக் கூறவேண்டும். எண்ணெய்த் தாங்கி எரியும்போது எழும் புகை கரியது. அக்கருமை, ஒட்சிசன் போதாமையின் அடையாளம். போதிய ஒட்சிசன் கிடைத்தால் 12 பங்கு காபன் 32 பங்கு ஒட்சிசனை ஏற்றுக் காபனீரொட்சைட்டாகும். பாதியே கிடைத்தால் 16 பங்கை ஏற்று நச்சு வாயுவான காபனோரொட்சைட்டாகும். எதுவும் கிடைக்காவிடின் காபன் கரித்தூளாகவே வானில் ஏறும். ஆதலால் உண்மையில் செலவான ஒட்சிசன் 32,033 தொன்னிலும் குறைந்திருக்கும். குறைந்த அப்பங்கு கரித்தூளாகவும் நச்சு வாயுவாகவும் சுற்றுவட்டாரத்தின் மீது படர்ந்திருக்கும். தீயின் கணக்கிலே நிலுவை விடப்படும் தொகையை மனிதரின் சுவாசப்பைகளே செலுத்துகின்றன.

மனிதன் ஒருவன் நாளொன்றுக்குச் சுவாசித்துச் செலவிடும் ஒட்சிசன் ஏறத்தாழ 840 கிராம். அவ்வகையில் நிரம்பிய தாங்கி ஒன்று வேண்டும் ஒட்சிசன், ஒரு இலட்சம் மக்கள் ஓராண்டு முழுவதும் சுவாசிப்பதற்குச் சமமானது. வளிமண்டலம் மிகப் பெரியதாகையால் இதனால் எவருக்கும் மூச்சு முட்டிவிடப்போவதில்லை என்பது உண்மை. எனினும் தாங்கியொன்றின் அளவை மனத்திற் கொள்வதற்கு இவ்வொப்பீடு உதவும்.

ஒப்பந்தங்களும் தாங்கிகளும்

போரின் பின்னும் தாங்கிகள் நிலைத்தன. 1944 இல் கிழக்குக் கடற்படையின் தளமாகத் திருகோணமலை விளங்கியபோது, எண்ணெய்க் காலத்தைத் தொடக்கிவைத்த அதே 'குயின் எலிசபெத்' கப்பல் இங்கிருந்தே சுமாத்திராவின் சபாங்கைத் தாக்கச் சென்றது. 1957 இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். தாங்கிகள் 1960 களில் இலங்கை அரசின் உடைமையாயின. ஆயினும் அவற்றுட் பெரும்பாலானவை வெறுமையாகவே நின்றன. காடு அவற்றைச் சூழ்ந்தது.

வெறுமையான தாங்கிகளுக்காகவும் அரசுகள் பேசத் தவறவில்லை. 1987 ஜூலை 29 ஆம் திகதிய இலங்கை இந்திய உடன்படிக்கையை ஒட்டிப் பரிமாறப்பட்ட கடிதங்களில், இத்தாங்கித் தொகுதியைப் புனரமைத்து நடத்துவது இரு நாடுகளின் கூட்டுமுயற்சியாக அமையும் எனக் கூறப்பட்டது. 2003 இல் 99 தாங்கிகளும் முப்பத்தைந்து ஆண்டுக் குத்தகை ஏற்பாட்டின்கீழ் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கைக் கிளை நிறுவனத்திடம் சென்றன. 2022 ஜனவரியில் புதிய ஏற்பாடொன்று கையெழுத்தானது. அதன்படி 14 தாங்கிகள் இந்திய நிறுவனத்திற்கும் 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திற்கும் 61 கூட்டு நிறுவனத்திற்கும் பிரிக்கப்பட்டன. அதே ஆண்டிலே நாடெங்கும் மக்கள் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். பெரிய தாங்கிகளைச் சொந்தமாகக் கொண்டிருப்பதும் எரிபொருளைக் கொண்டிருப்பதும் ஒன்றல்ல என்பதை அவ்வாண்டு எமக்குக் கற்பித்தது. 2025 ஏப்பிரலில் திருகோணமலையைச் சக்தி மையமாக வளர்ப்பது குறித்து இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்றும் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்துள்ளன.

99 தாங்கிகளும் தலா பத்தாயிரம் தொன் எண்ணெயால் நிரம்பினால் 9,90,000 தொன். அது எரிவதற்கு வேண்டிய ஒட்சிசன் ஏறத்தாழ 31 இலட்சத்து 70 ஆயிரம் தொன். வெளிவரும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 31 இலட்சத்து 20 ஆயிரம் தொன். தாங்கிக்குக் குத்தகை உண்டு. எண்ணெய்க்குச் சந்தை விலை உண்டு. எண்ணெயைப் போல மூன்று மடங்குக்கும் மேற்பட்ட திணிவுடைய மற்றைய பங்காளியாகிய காற்றுக்கு வாடகை கேட்பார் இல்லை. வெடியுப்பின் காலத்தில் ஒரு மணங்கு ஒட்சிசனுக்காகவும் வணிகர் போட்டியிட்டனர். எண்ணெயின் காலத்தில் இலட்சக்கணக்கான தொன் ஒட்சிசன் இலவசமாயிற்று. இலவசமாகக் கிடைப்பது கணக்கில் எழுதப்படுவதில்லை. கணக்கில் எழுதப்படாததன் விளைவு, சுட்ட காபனாக வளிமண்டலத்திலே சேர்ந்துகொண்டே இருக்கிறது.

கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூரை இங்கே நினைவுகூர்தல் பொருத்தமானது. 2006 இல் போரினால் இடம்பெயர்ந்த அவ்வூர் மக்கள் பல்லாண்டு அகதி வாழ்வின் பின்னரே தம் மண்ணை மீளப் பெறத் தொடங்கினர். அம்மண்ணிலே 500 மெகா உவாற்று நிலக்கரி மின்நிலையம் அமைக்கும் திட்டமொன்று பல்லாண்டு பேசப்பட்டு, எதிர்ப்புகளின் பின் 2016 இல் கைவிடப்பட்டது. அவ்விடத்திற்குப் பின்னர் சூரிய மின்திட்டம் முன்வைக்கப்பட்டது. சூரிய ஒளியிலிருந்து மின் எடுக்கும்போது எதுவும் எரிவதில்லை. ஒட்சிசன் நிரலில் பூச்சியம் எழுதலாம். நிலம் யாருடையது என்ற பழைய வினாவை அப்பூச்சியம் தீர்த்துவிடாது. எனினும் காற்று யாருடையது என்ற வினாவுக்கு அது நல்லதொரு விடையாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், திருகோணமலையை ஆண்டவர்கள் மாறியபோது தீயின் உணவும் மாறியது என்பதும், ஒவ்வொரு மாற்றமும் அதிகாரத்தின் வழியை மாற்றியது என்பதும் புலனாகும். வெடியுப்பைக் கட்டுப்படுத்தியவன் ஒரு காலத்தில் கடலை ஆண்டான். எண்ணெயைச் சேமித்தவன் பிறிதொரு காலத்தில் ஆண்டான். எரிபொருளின் தொன்னை மட்டும் எண்ணுவது அரசுகளின் வழக்கம். ஒரு தொன் எண்ணெய்க்கு 3.2 தொன் ஒட்சிசன் என்ற சிறிய விகிதம், அக்கணக்கேட்டில் எழுதப்படாதிருந்த பக்கத்தை எமக்குத் திறந்துகாட்டுகிறது. அப்பக்கத்தில் துறைமுகத்தைச் சூழ்ந்து வாழும் மீனவரும் கமக்காரரும் குழந்தைகளும் இருக்கின்றனர். இனிச் சீனக்குடாவைப் பற்றி எழுதப்படும் எந்த ஒப்பந்தத்தையும் இம்மாவட்டத்து மக்கள் வாசிக்கும்போது, தாங்கிகளின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல் தீயின் முழுக் கணக்கையும் கேட்பாராக. அவ்வாறு கேட்பதற்குப் பெருக்கலும் வகுத்தலும், தம் காற்று தமக்குரியது என்ற உணர்வும் போதுமானவை.